சிவனாண்டியின் மீசை

தலையில சாக்கைக் கட்டிக்கிட்டு நிக்கிதே, அது யாரு சிலைன்னுதானே கேக்குறீங்க? கேளுங்க தம்பி. ஊருக்கு ரோடு பிரியுற இந்த விலக்குல பஸ்ஸுக்கு நிக்கிறவங்க ஒருத்தர் பாக்கியில்லாம கேக்கத்தான் செய்றாங்க. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. உசிலம்பட்டி பஸ் வர இன்னும் நேரம் கிடக்கு. வெயில்ல நிக்காதீங்க, இந்தப் புளிய மரத்தடிக்கு வாங்க.

என் மருமகன் சிலை அது. கூடப்பொறந்த அக்கா மகன். பேரு சிவனாண்டி. பட்டாளத்துல இருந்தான். கார்கில் சண்டை நடந்துச்சுல்ல, அதுல செத்துப் போனான். இருபத்திரண்டு வயசு. சிலைக்குப் பின்னால வேலி போட்டு ஒரு மேடு தெரியுது பாருங்க, அதுக்குள்ளதான் கிடக்கான். எங்க சொந்தத் தோட்டம். மதுரையில இருந்து பெட்டியைக் கொண்டாந்து, இந்தா இந்த ரோட்டுலதான் எறக்குனாங்க. அன்னிக்கு இங்க எள்ளுப் போட்டா எள்ளு விழுகாது, அம்புட்டுச் சனம்.

சிலை வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. மேடை கட்டியாச்சு, சுத்திக் கம்பி போட்டாச்சு, பேரு வெட்டுன கல்லும் பதிச்சாச்சு. தொறந்து வைக்கத்தான் வழியில்லை. காரணம் என்னன்னு கேட்டா நீங்க சிரிப்பீங்க. மீசை. அவனைப் பெத்தவ, எங்க அக்கா விருமாயி, மீசை சரியில்லைன்னு சிலையைத் தொறக்க வர மாட்டேங்கிறா. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கலங்கிற கதையாப் போச்சு எங்க கதை.

என்னைப் பத்தி நானே பெருமையடிக்கிறேன்னு நெனக்காதீங்க. என் பேரு காசிமாயன், ஊருக்குள்ள யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. அந்தப் பய கைப்புள்ளையா இருக்கையிலேயே அவங்கப்பன் கெணறு வெட்டப் போன இடத்துல மண்ணு சரிஞ்சு போய்ச் சேந்துட்டாரு. அன்னையில இருந்து அவனுக்கு மாமனும் நான்தான், அப்பனும் நான்தான். என் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்துனோம். சைக்கிள் பழக்குனது நானு. பத்தாவது பெயிலாகி வந்தப்ப அக்கா வெளக்கமாத்தைத் தூக்கிட்டா, நடுவுல போய் நின்னு அடியை வாங்குனது நானு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டு மதுரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனதும் நானு. அந்த மைதானத்துல அவன் ஓடுறான், ஓரத்துல நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, விடாத மாப்ள, விடாத மாப்ளன்னு கூடவே ஓடுறேன். என் மூத்த மகளை அவனுக்குன்னுதான் வச்சிருந்தேன். அவ இன்னிக்குத் திருப்பூர்ல ஒருத்தனுக்கு வாக்கப்பட்டு ரெண்டு புள்ளைக்குத் தாய். அதை விடுங்க. சொல்ல வந்தது என்னன்னா, இம்புட்டும் செஞ்சவன்கிட்ட எங்க அக்கா பேசுறது இல்லை. எதுத்த எதுத்த வீடு எங்களுக்கு. அவ வாசத் தெளிச்சா தண்ணி என் படி வரைக்கும் வரும். பேச்சு வராது.

ஏன்னு கேக்குறீங்களா? பெட்டி வந்த அன்னிக்கு நடந்ததைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

பள்ளிக்கூடத்துல பெரிய வகுப்புக்குள்ள கொண்டுபோய் வச்சாங்க, மேல கொடியைப் போத்தி. கூட ஒரு ஆபீசர் வந்திருந்தாரு, வடக்கத்தியாரு. அவருகூட நம்ம தேனிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், ஜெயசீலன்னு பேரு. மலை மேல நம்ம பயகூட ஒரே கூடாரத்துல இருந்தவனாம். ஆபீசர் சொல்லச் சொல்ல அவன் தமிழ்ல சொன்னான். பெட்டியைத் தொறக்க வேணாம்னு சொல்றாரு, அதுதான் நல்லதுங்கிறாரு, கட்டாயம் பாத்தாகணும்னா உறவுல ஆம்பளையாள் ஒருத்தர் மட்டும் உள்ள வந்து பாக்கலாம்னான்.

எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க. வேற யாரைப் பாப்பாங்க? தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில வேற எவன் போவான்? அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுடா தம்பின்னா. போனேன். கதவைச் சாத்துனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வந்தேன். அவ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறா. பாத்தேன்க்கா, நம்ம பயதான், தூங்குறாப்புல இருக்கான், மீசையை முறுக்கிவிட்டு ராசா கணக்கா இருக்கான்னு சொன்னேன். அதைக் கேட்ட பெறகுதான் அவ வாய்விட்டு அழவே ஆரம்பிச்சா. அதுவரைக்கும் கல்லு மாதிரி நின்னுக்கிட்டு இருந்தவ. நாலு நல்ல வார்த்தை சொன்னது ஒரு குத்தமா?

அப்படிப் பாக்காதீங்க தம்பி. சொல்லிர்றேன். உள்ள அந்த ஜெயசீலன் திருப்புளியைக் கையில வச்சுக்கிட்டு நின்னான். தொறக்கவா மாமான்னான். வேணாம்ப்பான்னுட்டேன். ஆபீசரே வேணாங்குறாரு. எத்தனையோ பெட்டியைப் பாத்த மனுசன். அவரு வேணாங்கையில நாம தொறக்கச் சொல்றது மரியாதையா? பெட்டி மேல அவன் பேரு, நம்பரு எல்லாம் எழுதியிருக்கு. கவர்மெண்டு எழுதுனது தப்பாவா இருக்கும்? அதனால தொறக்கல. அங்க கெடந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு வந்தேன். அந்தப் பையன், தண்ணி குடிக்கிறீங்களா மாமான்னு மட்டும் கேட்டான். இது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். நீங்க வெளியூர் ஆளு, பஸ் ஏறிப் போயிருவீங்க, உங்ககிட்டச் சொன்னா என்ன.

நாங்க பொதைக்கிற ஆளுகதான். ஆனா பெட்டியோட பொதைச்சுப் பழக்கமில்லை. வெறும் மண்ணுல வைப்போம். சுடுகாட்டுக்கு வேணாம், சொந்தத் தோட்டத்துலயே வைப்போம்னு முடிவெடுத்ததும் நான்தான். சுடுகாட்டுக்குப் பொம்பளைக வர மாட்டாங்க. தோட்டம்னா வரலாம்ல. அதுவும் அக்காவை நெனச்சுத்தான் செஞ்சேன். இதையெல்லாம் இன்னிக்கு யாரு சொல்றா?

துப்பாக்கியை மேல தூக்கிச் சுட்டாங்க. கொடியை மடிச்சு அக்கா கையில குடுத்தாங்க. பெட்டியைக் குழிக்குள்ள எறக்கியாச்சு. எங்க ஊர்ல குழி வெட்டுற குருவன், ஆயுசெல்லாம் அதே வேலை பாத்தவன். மண்ணு தள்ளுறதுக்கு முன்னாடி, மொகம் பாக்குறவங்க பாத்துக்கங்கன்னு சத்தம் குடுப்பான். அதுதான் வழக்கம். சொந்தபந்தம் கடைசியா ஒரு தடவை எட்டிப் பாக்கும், பெறகு மூடுவாங்க. அன்னிக்கும் பழக்கத்துல சத்தம் குடுத்துட்டான். குடுத்துட்டு அவனே நாக்கைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறான். அக்கா கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து குழியை எட்டிப் பாத்தா. பலகைதான் தெரியும், வேற என்ன தெரியும்? பாத்துட்டு என் பக்கம் திரும்புனா. பொங்கலுக்கு வந்தப்ப பூனை மீசைதானே இருந்துச்சு, அதுக்குள்ள முறுக்குற அளவுக்கு வளந்துருச்சாடான்னு கேட்டா. ஆமாக்கா, நல்லா வளந்திருந்துச்சுன்னேன். சரி, மண்ணைத் தள்ளச் சொல்லுன்னா.

அந்த வருசம் பூரா சாயங்காலமானா எங்க வீட்டுக்கு வந்து உக்காந்துருவா. கண்ணு நல்லா மூடியிருந்துச்சாடா? மூடியிருந்துச்சுக்கா. நெத்தியில காயம்? ஒரு கீறல்கூட இல்லைக்கா. ஒதடு வெடிச்சிருந்துச்சா, அங்க குளிராச்சே? இல்லைக்கா, சிரிச்ச மேனிக்கு இருந்தான். கேட்டுட்டு, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டு, எந்திரிச்சுப் போயிருவா. அன்னிக்கு நல்லாத் தூங்குவாளாம், அவளே சொல்லியிருக்கா. எனக்குத்தான் ராத்திரியெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். கேக்குறதுக்கெல்லாம் தோதாப் பதில் சொல்லணும்ல, நேத்து என்ன சொன்னோம்னு ஞாபகம் வச்சுக்கிட்டுச் சொல்லணும். அது லேசுப்பட்ட வேலையா? ஒரு ஆளு செய்வானா?

மொத வருசத் தெவசத்துக்கு அந்த ஜெயசீலன் வந்தான். நல்ல பையன், தங்கமான பையன், அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். அக்கா எலை போட்டுச் சோறு வச்சு, பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா விசாரிச்சா. அவனும் வெகுளியாச் சொல்லிக்கிட்டே வந்தான். மேல தண்ணியே கெடையாதும்மா, பனிக்கட்டியை உருக்கித்தான் குடிக்கணும், வாரக்கணக்கா ஒருத்தரும் சவரம் பண்ணல, எல்லாருக்கும் தாடிதான், சிவனாண்டிக்குத்தான் பெரிய தாடி, நாங்க அவனைச் சாமியாருன்னுதான் கூப்பிடுவோம்மான்னான். கடைசி வரைக்கும் தாடிதானாப்பான்னு அக்கா கேட்டா. கடைசி வரைக்கும் தாடிதாம்மான்னான். நான் அங்கதான் தண்ணிச் செம்போட நிக்கிறேன். அவ என்னைய நிமுந்துகூடப் பாக்கல. அவனைச் சாப்பிட வச்சு, இந்த விலக்கு வரைக்கும் வந்து பஸ் ஏத்திவிட்டுட்டுப் போனா. அன்னையோட பேச்சு நின்னு போச்சு.

எனக்கு மொதல்ல காரணமே பிடிபடல. அன்னிக்குத் தெவசத்துல கொழம்பு பத்தாமப் போச்சு, சமையலுக்கு ஆள் சொன்னது நானு, அந்தக் கோவமா இருக்கும்னு நெனச்சேன். என் வீட்டுக்காரிதான், அது இல்லைய்யா, தாடி விசயம்னா. தாடி இருந்தா என்ன? தாடி இருக்குற மொகத்துல மீசை இருக்காதா? ரெண்டும் சேந்துதானே வளரும்? நான் மீசையைச் சொன்னேன், அவன் தாடியைச் சொன்னான். ஒரு மொகத்துல ஆளுக்கொரு பக்கம் சொன்னோம்னு எடுத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு. எடுத்துக்க மாட்டா. அவ பிடிச்ச முயலுக்கு மூணே காலு.

இப்படியே போச்சு இருபது வருசத்துக்கு மேல. போன வருசத்துக்கு முந்தின வருசம், அவன்கூடப் படிச்ச பயலுக எல்லாம் சேந்து, சித்தப்பா, சிவனுக்குச் சிலை வைக்கணும்னு வந்து நின்னாங்க. என்னையத்தான் விழாக் கமிட்டிக்குத் தலைவராப் போட்டாங்க. அலைஞ்ச அலைச்சல் கொஞ்சமா? சோழவந்தான் பக்கம் சிலை செய்றவரு ஒருத்தரைப் பிடிச்சோம். இருக்குறது ஒரே போட்டோ, பட்டாளத்துல சேந்தப்ப எடுத்தது. மீசைன்னு பென்சிலால கோடு போட்ட மாதிரி என்னமோ ஒண்ணு. அவரு போன்ல கேட்டாரு, மீசை எப்படி வைக்கணும்னு. நல்லா முறுக்கி வைங்கன்னேன். பட்டாளத்துச் சிலைக்கு மீசை இல்லாட்டி எவன் மதிப்பான்? அதோட நான் அன்னிக்குச் சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கே. நான் முறுக்கு மீசைன்னு சொல்லி, சிலை மொழுமொழுன்னு நின்னா நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவான்?

சிலை வந்து எறங்குன அன்னிக்கு ஊரே கூடிருச்சு. மேடையில நிப்பாட்டுனதும் அக்கா வந்தா. யாரும் கூப்பிடல, அவளா வந்தா. மொகத்துல சுத்தியிருந்த துணியை எடுக்கச் சொன்னா. எடுத்தாங்க. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாளாம். பெறகு கமிட்டிப் பயலுகளைப் பாத்து, இது எம்புள்ளை மொகமான்னு எந்தம்பிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க, அவன் மட்டும்தானே பாத்தவன், அவன் உள்ளதைச் சொல்ற வரைக்கும் இது மூடியே இருக்கட்டும்னுட்டு, கீழ கெடந்த சாக்கை எடுத்துக் குடுத்துக் கட்டச் சொல்லிட்டா. எறங்கிப் போயிட்டா. அன்னிக்குக் கட்டுனதுதான். மழைக்கு நனைஞ்சு, வெயிலுக்குக் காஞ்சு, காக்கா உக்காந்து, இந்தா உங்க கண்ணு முன்னாடி நிக்கிது.

விழாவுக்குக் கூப்பிட்ட உசிலம்பட்டிப் பெரிய அதிகாரிகிட்ட மூணு தடவை தேதி வாங்குனோம். பத்திரிகை அடிச்சோம். மூணு தடவையும் போய்த் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வேணாம்னு சொல்லிட்டு வந்தோம். தாயார் கையாலதான் தொறக்கணும்னு அவங்களும் சொல்றாங்க. வயசுப் பயலுக, கெழவியை விடுங்க சித்தப்பா, நாம தொறந்துருவோம்ங்கிறான். பெத்தவ இல்லாம தொறந்தா ஊரு காறித் துப்பாது? எல்லா இடியும் என் தலையிலதான். இப்ப நாலாவது தடவையாத் தேதி வாங்கியிருந்தோம், வர்ற வெள்ளிக்கிழமைக்கு. சரி, நாமதான் எறங்கிப் போவோம்னு வீட்டுக்காரிகிட்டச் சொல்லிவிட்டேன். கொத்தனாரை விட்டு மீசையைச் செதுக்கி எடுத்துர்றோம், வேணும்னா தாடியே வச்சிர்றோம், வந்து தொறக்கச் சொல்லுன்னு. என் மானத்தை விட்டுச் சொல்லியனுப்புனேன் தம்பி.

நேத்து மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், வாசல்ல நெழலாடுது. பாத்தா அக்கா. எத்தனை வருசம் கழிச்சு என் படி ஏறுறா. என் வீட்டுக்காரி பதறிப் போய்ப் பாயைப் போட்டா. உக்காந்தா. செம்புத் தண்ணியை வாங்கிக் குடிச்சா. தலையெல்லாம் வெள்ளையாப் போச்சு, கிட்ட வச்சுப் பாக்கையிலதான் தெரியுது.

“மீசை இருந்துட்டுப் போகுதுடா. அதை ஒண்ணும் பண்ணாத” அப்படின்னா.

எனக்கு வயித்துல பாலை வாத்த மாதிரி இருந்துச்சு. அப்ப வெள்ளிக்கிழமை வந்துர்றியாக்கான்னேன்.

“வர்றேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு உள்ள போனியே, பாத்தியா?”

“பாத்தேன்க்கா.”

“திட்ட மாட்டேன்டா. நம்ம ஆத்தா மேல சத்தியமாத் திட்ட மாட்டேன். பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நம்ம சனத்துல ஒருத்தர்கூட மொகம் பாக்காமத்தான் எம்புள்ளை மண்ணுக்குள்ள போனான்னு தெரிஞ்சுக்கிறேன். அதுக்குன்னு ஒரு தடவை அழுதுட்டு, வந்து தொறந்துவிடுறேன். இத்தனை வருசமா அந்த அழுகையை அழவிடாம வச்சிருக்கியேடா.”

நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்க. சோத்துல வச்ச கை அப்படியே இருக்கு. வீட்டுக்காரி கதவோரத்துல நின்னுக்கிட்டு, சொல்லிருய்யா, சொல்லிருய்யான்னு கண்ணைக் காட்டுறா. அவளுக்கு என்ன தெரியும்? பாக்கலைன்னு நான் சொன்னா என்ன ஆகும்? பெட்டிக்குள்ள இருந்தது அவன்தானா, வேற எவனாச்சுமான்னு சந்தேகம் வராதா? இந்த வயசுல அது வந்தா அவ தாங்குவாளா? நாளைக்கு வர்ற பஸ்ஸையெல்லாம் பாத்துக்கிட்டு இந்த விலக்குலயே வந்து உக்காந்துருவா. நான் அவ நல்லதுக்குத்தான் பாக்குறேன், அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி. பாத்தேன்க்கா, தூங்குறாப்புலதான் இருந்தான்னேன்.

என்னைய நிமுந்து பாத்தா. கோவமெல்லாம் இல்லை. அதுதான் எனக்கு வெளங்கல, கோவமே இல்லை. முழங்கால்ல கையை ஊனி எந்திரிச்சா. சோறு காயுது, சாப்பிடுன்னுட்டுப் போயிட்டா.

முடிஞ்சுச்சு. வெள்ளிக்கிழமை கிடையாது. அதைச் சொல்லிட்டு வரத்தான் இப்ப உசிலம்பட்டிக்குப் போறேன். நாலாவது தடவை. அந்த ஆபீசுல பியூன்கூட என்னையக் கண்டா சிரிக்கிறான். ஊருக்கு உழைச்சு, உறவுக்கு உழைச்சு, கடைசியில கெட்ட பேரு எனக்கு. செத்தவன் நிம்மதியாப் படுத்துக்கிட்டான், பெத்தவ வீம்பு பிடிச்சு வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டா, நடுவுல நான் ஒருத்தன் வெயில்ல அலையுறேன். நல்லதுக்குக் காலமில்லை தம்பி.

இந்தா, பஸ் வருது. பையை எடுத்துக்கங்க. என்னது? மொகம் அவனை உரிச்சு வச்சாப்புல இருக்குமான்னா கேக்குறீங்க? இருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. சிலை செய்றவரு களிமண்ணுல வச்சிருக்கையிலயே, வந்து பாத்துட்டுப் போங்கன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாரு. வீட்டுக்காரியை அனுப்பி வச்சேன். கண்ணு, மூக்கு எல்லாம் அச்சு அசல் அவனேதான்னு வந்து அழுதா. எறக்குன அன்னிக்கு நான் கிரேன்காரன்கூட நின்னு அந்தப் பக்கமாத் திரும்பிப் பேசிக்கிட்டு இருந்தேன். பெறகு சாக்கைக் கட்டிட்டாங்க. ஏறுங்க, ஏறுங்க, முன்னாடி சீட்டு இருக்கு. நானா? நான் எங்க தம்பி பாத்தேன்.